எக்டிவேட் ஆகித்தானே இருக்கு?

அக்காவின் மகளுக்கு மொறட்டுவையில் கம்பஸ் கிடைத்த செய்தி வந்த அன்றே லப்டொப் பேச்சும் வந்துவிட்டது. "நீதான் பாத்து வாங்கிக் குடுக்கவேணும், எனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்" என்று வவுனியாவில் இருந்து அக்கா. எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறைக்குள் இருந்துகொண்டு பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். விடிந்தால் பொழுதுபட்டால் கணினிக்கு முன்னால் இருப்பவன் என்பதால் குடும்பத்தின் கணினி நிபுணர் பட்டம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மருந்துக்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் வருத்தத்துக்கு மருந்து கேட்பது மாதிரித்தான்.

ஒரு சனிக்கிழமை மருமகளையும் கூட்டிக்கொண்டு 100 பஸ்ஸில் ஏறினேன். கொழும்பில் கணினி வாங்குவது என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா என்று ஒரு காலத்தில் யோசிக்காமலே கால் போகும். இப்போது காலி வீதி நெடுகிலும், அதற்கு உள்ளே போகும் ஒழுங்கைகளிலும் கடைகள். நாங்கள் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம், அது எந்தக் கட்டிடம், எந்தத் தெரு என்பதும் வேண்டாம். விலை 2 இலட்சத்து 35,000 ரூபா. அக்கா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. பேரம் பேசியதில் ஒரு பையும் ஒரு மவுசும் சும்மா கிடைத்தன.

"அண்ணை, விண்டோஸ் ப்ரோ, ஒபிஸ், ஃபோட்டோஷொப், பாமினித் தமிழ் எழுத்து எல்லாம் போட்டு ரெடியாத் தாறன். அரை மணித்தியாலம் இருங்கோ" என்றான் கடைப் பெடியன்.

"ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான். இஞ்ச பாருங்கோ, எக்டிவேட் ஆகித்தானே இருக்கு."

திரையைத் திருப்பிக் காட்டினான். வலது பக்கக் கீழ் மூலையில் விண்டோஸை எக்டிவேட் செய்யச் சொல்லும் அந்தச் சாம்பல் நிற எழுத்து இல்லை. நானும் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, வேறென்ன?

அன்றிரவு மருமகள்தான் கண்டுபிடித்தாள். புது லப்டொப் கிடைத்த பிள்ளை செய்யும் முதல் வேலையே செட்டிங்ஸ் முழுவதையும் திறந்து பார்ப்பதுதானே. சிஸ்டம் என்ற பகுதிக்குள் எக்டிவேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் திறந்தவள் கூப்பிட்டாள். "மாமா, உங்கள் நிறுவனத்தின் எக்டிவேஷன் சேவையைப் பாவித்து எக்டிவேட் செய்யப்பட்டுள்ளது எண்டு போட்டிருக்கு. எந்த நிறுவனம்?"

நல்ல கேள்வி. எங்கள் பரம்பரையில் நிறுவனம் என்று சொல்லக்கூடியது அக்காவின் வீட்டுக்குப் பின்னால் உள்ள கோழிக்கூடு ஒன்றுதான். அதற்கு எக்டிவேஷன் சேவை கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு கட்டளை இருந்தது. எப்போதோ ஓர் அலுவலகத்தில் அவர்களுடைய ஐடி ஆள் அடித்துக் காட்டியது. கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். முறையான லப்டொப்பில் அந்தப் பெட்டி, இந்த இயந்திரம் நிரந்தரமாக எக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் சொல்லும். எங்களுக்கு வந்த பெட்டி, வொலியூம் எக்டிவேஷன் இன்ன திகதி இன்ன நேரத்துக்கு முடியும் என்றது. திகதியை எண்ணிப் பார்த்தோம். சரியாக 180 நாள். பாலுக்கும் பாணுக்கும் முடிவுத் திகதி பார்த்திருக்கிறேன். 2 இலட்சத்து 35,000 ரூபாவுக்கு வாங்கிய புதுக் கணினியின் விண்டோஸுக்கும் ஒரு முடிவுத் திகதி இருக்குமென்று அன்றுதான் கண்டேன்.

இந்த 180 நாளுக்கு ஒரு நியாயமான கதை உண்டு. வங்கி, பல்கலைக்கழகம், அமைச்சு மாதிரி நூற்றுக்கணக்கில் கணினி வைத்திருக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கீ என்ற உரிமக் குறியீட்டை அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக மைக்ரோசொஃப்ட் கேஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சேர்வர் இருக்கும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது எக்டிவேட் செய்யத் தொடங்கும். எக்டிவேட் ஆன கணினி 180 நாள் ஓடும். ஆனால் ஏழு நாளுக்கு ஒருமுறை சேர்வரிடம் போய் நாளைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். வேலையை விட்டுப் போகிறவர் லப்டொப்பையும் கொண்டுபோய்விட்டால், சேர்வரைக் காணாமல் 180 நாளில் அதன் எக்டிவேஷன் போய்விடும். நல்ல ஏற்பாடு. கடைகளில் போடும் கள்ள விண்டோஸ் செய்வது, இந்தச் சேர்வர் மாதிரி நடிக்கும் ஒரு சிறிய மென்பொருளை அந்தக் கணினிக்குள்ளேயே ஒளித்துவைப்பது. கணினி தன்னிடமே போய்த் தன் நாளைப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் கண்ணில் அது ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேஎம்எஸ் என்று கண்டவுடன் கள்ளம் என்று குதிக்கக்கூடாது. அலுவலகம் தந்த லப்டொப்பில் அது வருவது முறையானது. கடையில் புதிதாக வாங்கி, பெட்டி உடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்ததில் வந்தால்தான் கேள்வி.

மருமகள் விடவில்லை. "அப்ப எக்டிவேட் ஆகியிருக்குத்தானே மாமா, அது பொய்யில்லையே?"

அவளுக்கு வெள்ளவத்தை ரயில் நிலையத்தைக் காட்டித்தான் விளக்கினேன். காலையில் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறுகிறாய். டிக்கட் எடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை, இருக்க இடமும் கிடைத்துவிட்டது. ரயில் போகிறது, நீயும் போகிறாய், அது உண்மைதான். உன்னிடம் டிக்கட் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எக்டிவேட் ஆவது ரயிலில் ஏறுவது. உரிமம் என்பது டிக்கட். கடைப் பெடியன் எனக்குக் காட்டியது ஓடுகிற ரயிலை. நான் அதை டிக்கட் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு வகை இருக்கிறது, அது இதைவிடச் சிக்கல். பொய்க் கடிதம் கொடுத்து மாணவர் சீசன் டிக்கட் எடுத்த ஆள் மாதிரி. சீசன் உண்மையானது, ரயில்வே அச்சடித்துக் கொடுத்தது, எந்தப் பரிசோதகர் பார்த்தாலும் சரியென்று திருப்பிக் கொடுப்பார். ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் மாணவர் இல்லை. விண்டோஸிலும் அப்படி மைக்ரோசொஃப்டின் சேர்வரையே ஏமாற்றி டிஜிட்டல் உரிமம் எடுத்துவிடும் வழிகள் உண்டு. அப்படிப் போட்ட கணினியில் நான் சொன்ன கட்டளையை அடித்தால், நிரந்தரமாக எக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்றே வரும். முடிவுத் திகதி இராது. செட்டிங்ஸ் பக்கமும் டிஜிட்டல் உரிமம் என்றே சொல்லும். ஆகவே திரையில் தெரிவதை வைத்துக் கள்ளத்தைச் சில நேரம் பிடிக்கலாம், ஒரிஜினல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பெட்டி வேண்டும், பில் வேண்டும். இதை யாரும் எனக்கு முன்னரே சொல்லித் தந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும்.

பெட்டி. அதுதான் அடுத்த கதை.

கடையில் பெட்டியை அவர்களே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். மருமகள்தான், ஹொஸ்டலுக்குச் சாமான் கொண்டுபோக உதவும் என்று வாங்கிக்கொண்டு வந்தாள். சாமான் கட்டுகிற வவுனியாப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளை லேபலில் பொடி எழுத்தில் ப்ரொசெசர், ரேம், எஸ்எஸ்டி என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் விண்டோஸ் 11 ஹோம், அதற்குப் பின்னால் எஸ்எல் என்று இரண்டு எழுத்து. லப்டொப்பின் அடியிலும் கீ இல்லாத ஒரு சின்ன மினுமினுப்பு ஸ்டிக்கர் இருந்தது. அதாவது தொழிற்சாலையில் இருந்து வரும்போதே இந்த லப்டொப் விண்டோஸோடுதான் வந்திருக்கிறது. ஹோம் பதிப்பு, காசு கட்டி ஏற்றியது. அந்தக் காசும் நாங்கள் கொடுத்த 2 இலட்சத்து 35,000க்குள் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை. உள்ளே கீ இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய கணினிகளில் விண்டோஸ் கீ, லப்டொப்பின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். மடியில் வைத்து வைத்து இரண்டு வருடத்தில் எழுத்து தேய்ந்துபோகும். கடையில் காட்சிக்கு வைத்திருந்த லப்டொப்பைத் திருப்பிப் போனில் படமெடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த முறை மாறியது. பெரிய கம்பனிகளின் கணினிகளில் கீ மதர்போர்டுக்குள்ளேயே, கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் இருக்கும் சிப்பில் எழுதப்பட்டு வருகிறது. வட்டை அழித்தாலும் மாற்றினாலும் அது போகாது. கமாண்ட் ப்ரொம்ப்ட் மாதிரியான பவர்ஷெல்லில் ஒரு வரி அடித்தால் வெளியே எடுத்துக் காட்டும். அந்த வரி நீளமானது, இணையத்தில் தேடித்தான் எடுத்தேன். எங்கள் லப்டொப்பில் அடித்தபோது 25 எழுத்து, ஐந்தைந்தாக, கோடு போட்டு வந்து நின்றது. பதில் வெறுமையாக வந்திருந்தால் அந்த லப்டொப் விண்டோஸ் இல்லாமல் விற்கப்பட்ட வகை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். விலை குறைந்த மாடல்கள் விண்டோஸ் இல்லாமல், டொஸ் என்ற பழைய இயங்குதளத்தோடு மட்டும் வருவது உண்டு.

மொழிபெயர்ப்பாளனின் கிறுக்கு ஒன்று. இந்தக் கீகளில் உயிரெழுத்தே வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் விலக்கு. பூச்சியம், ஒன்று, ஐந்து ஆகிய இலக்கங்களும் இல்லை. அதனால் பூச்சியமா ஓவா, ஒன்றா ஐயா என்ற குழப்பம் ஆளுக்கு வராது. ஆங்கிலத்தின் மெய்யெழுத்துகளும் மிச்ச இலக்கங்களும் மட்டும். முழுக்க மெய். அது மெய்யானதா என்பதைத்தான் நாம் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

ஆக நடந்தது இதுதான். காசு கொடுத்து வாங்கிய, முறையான, சாகும் வரைக்கும் ஓடக்கூடிய ஹோம் பதிப்பை அழித்துவிட்டு, அதன் மேல் 180 நாள் தவணையில் ஓடும் கள்ள ப்ரோவைப் போட்டுத் தந்திருக்கிறார்கள். சும்மா தந்த உபகாரம் என்று வேறு. சொந்தக் காணியில் இருந்தவனை எழுப்பி வாடகை வீட்டில் இருத்திவிட்டு, வாடகை வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். பெடியனின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அவன் உண்மையாகவே விளங்காமல் பார்த்தான்.

"அண்ணை, அது ஹோம்தானே. ஹோமில ஒண்டும் இல்லை. ப்ரோ நல்லம் எண்டுதான் நான் போட்டனான்."

"தம்பி, இது 180 நாளில முடியும் எண்டு சொல்லுது."

"ஓ, அது ஒண்டும் இல்லை. முடிஞ்சால் கொண்டுவாங்கோ, திரும்பப் போட்டுத்தாறன். காசு வேண்டாம்."

அவனிடம் ஒரு பென்ட்ரைவ். அதற்குள் விண்டோஸ், ஒபிஸ், ஃபோட்டோஷொப், பாமினி, வீடியோ பார்க்க வீஎல்சி, எல்லாம் ஒரே மூட்டையாக. எந்த லப்டொப் வந்தாலும், டொஸ்ஸோடு வந்தாலும் விண்டோஸோடு வந்தாலும், பென்ட்ரைவைச் செருகுவான், ஒரு பிளேன்டீ குடிப்பான், வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு லப்டொப்பையும் தொழிற்சாலை விண்டோஸோடு திறந்து, பெயர் கொடுத்து, மைக்ரோசொஃப்ட் கணக்குத் திறந்து, அப்டேட் முடியும் வரை காத்திருப்பதென்றால் ஒரு சனிக்கிழமையில் நாலு லப்டொப்தான் விற்கலாம். வாங்க வருகிறவர்களும் ஒபிஸ் இருக்கா, ஃபோட்டோஷொப் இருக்கா என்றுதான் கேட்கிறார்கள். உரிமம் இருக்கா என்று கேட்ட முதல் ஆள் நானாக இருக்கலாம் என்று அவன் முகம் சொன்னது. எனக்கு அவன் மேல் கோபம் போய்விட்டது. முதலாளி மேல் இருக்கிறது. இருபது வருடம் கடை நடத்துகிறவருக்கு லேபல் வாசிக்கத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

பில்லை மாற்றித் தரச் சொன்னேன். பழைய பில்லில் "லப்டொப் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் நம்பர், சீரியல் நம்பர், விண்டோஸ் 11 ஹோம், ஓஈஎம் உரிமம் என்று எழுதித் தாருங்கோ என்றேன். ஓஈஎம் என்றால் தொழிற்சாலையிலேயே லப்டொப்போடு சேர்த்துத் தரும் உரிமம். உள்ளே போனவன் பத்து நிமிடத்துக்குப் பிறகு முத்திரை குத்திய புதிய பில்லோடு வந்தான். தராமல் இருந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுப்பேன் என்று சொல்வதற்கு, வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். தேவைப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீட்டில் விண்டோஸைத் திரும்பப் போடமுன் இன்னொன்றைப் பார்த்தோம். இதுதான் எனக்கு உண்மையாகப் பயம் தந்த இடம். விண்டோஸோடு சும்மா வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபென்டர், இந்தக் கள்ளச் சேர்வர் மென்பொருளைக் கண்டால் பிடித்துக்கொடுக்கும். அதற்கு ஓட்டோகேஎம்எஸ் என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது. பிடிக்காமல் இருப்பதற்காகப் போடுகிறவர்கள் டிஃபென்டரின் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிடுவார்கள். இந்த ஃபோல்டருக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதே என்று காவல்காரனுக்குச் சொல்லிவைப்பது. எங்கள் பட்டியலில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று அந்தச் சேர்வருக்கு. மற்றது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை, வெறுமையாகத்தான் இருந்தது. வெறுமையாக இருந்தாலும் கதவு திறந்தபடிதானே. அந்தப் பிள்ளை அதே லப்டொப்பில்தான் வங்கிக் கணக்கு பார்க்கப்போகிறாள், மகாபொல புலமைப்பரிசில் காசு வந்ததா என்று பார்க்கப்போகிறாள். மைக்ரோசொஃப்டுக்குப் போகவேண்டிய காசைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இந்தத் திறந்த கதவுதான் நித்திரையைக் கெடுத்தது.

திரும்பப் போடுவது சுலபம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். மைக்ரோசொஃப்டின் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் என்று ஒன்று சும்மா கிடைக்கிறது. 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று போதும். என் கணினியில் இறக்கி எடுத்தேன். லப்டொப்பில் செருகி ஆரம்பித்தால் எந்த வட்டில் போடவேண்டும் என்று கேட்கும் இடத்தில் வட்டையே காணவில்லை. வெள்ளையாக ஒரு பெட்டி. இரவு பதினொன்றரை. மருமகள் என்னைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன். 2 இலட்சத்து 35,000 ரூபாவை நானே கெடுத்துவிட்டேனோ என்று வயிற்றுக்குள் ஒரு கலக்கம். தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. புதிய இன்டெல் லப்டொப்புகளில் விஎம்டி என்று ஒன்று எஸ்எஸ்டி என்ற வட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும். அதற்கான ட்ரைவர் என்ற இணைப்பு மென்பொருளை லப்டொப் கம்பனியின் தளத்தில் இறக்கி, அதே பென்ட்ரைவில் போட்டுக் காட்டினால்தான் வட்டு தெரியும். போட்டோம், தெரிந்தது. பிறகு வைஃபை வேலை செய்யவில்லை, அதற்கும் ட்ரைவர் இல்லை. போனை யூஎஸ்பியில் செருகி அதன் டேட்டாவைக் கொடுத்தோம். கடைப் பெடியனின் மூட்டைக்குள் இந்த ட்ரைவர்களும் இருந்திருக்கும் என்ற நினைப்பு அப்போது வந்தது. அவனை முழுக்கத் திட்ட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயம் மட்டும் தானாக நடந்தது. எந்தப் பதிப்பு வேண்டும், கீ என்ன என்று அது எங்களைக் கேட்கவே இல்லை. பயோஸில் இருந்த கீயை வாசித்து ஹோம் என்று தானே எடுத்துக்கொண்டது. இணையம் கிடைத்த கொஞ்ச நேரத்தில் எக்டிவேஷன் பக்கம், டிஜிட்டல் உரிமத்துடன் எக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்றது. அதே ஐந்தெழுத்துக் கட்டளையை அடித்து, சாய்கோட்டுக்குப் பிறகு இந்த முறை டி, எல், ஐ என்று போட்டோம். அப்படிப் போட்டால் உரிமம் எந்த வழியால் வந்தது என்று காட்டும். ஓஈஎம், அடிக்கோடு, டிஎம் என்று இருந்தது. தொழிற்சாலையில் மதர்போர்டுக்குள் வைத்தது என்பதற்கான குறி. கள்ள ப்ரோ இருந்தபோது அதே இடத்தில் வொலியூம், கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தது. நேரம் ஒன்றேகால். ஆளுக்கொரு மைலோ குடித்துவிட்டுப் படுத்தோம்.

எஸ்எல் என்ற அந்த இரண்டு எழுத்து என்னவென்று அடுத்த நாள் விளங்கியது. சிங்கிள் லாங்குவேஜ். இந்தப் பதிப்பில் விண்டோஸின் மெனு மொழி ஒன்றுதான், பிறகு விரும்பியபடி மாற்ற விடாது. தமிழில் விண்டோஸ் பாவிப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் வாங்கமுன் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தமிழில் தட்டெழுதுவதற்கு இதனால் ஒரு தடையும் இல்லை, விசைப்பலகைகள் எல்லாம் சேர்க்கலாம். மருமகளிடம் தமிழ் மெனு வேண்டுமா என்று கேட்டேன். "ஐயோ மாமா, 'கோப்பு', 'திருத்து' எண்டு பாத்தா எனக்கு ஒண்டும் விளங்காது" என்றாள். அந்தச் சொற்களை உருவாக்குவதில் என் தொழில்காரர்கள் எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

ஓஈஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு பிறந்து அதனோடு சாவது. இன்னொரு கணினிக்கு எடுத்துப்போக முடியாது. கடையில் பெட்டியாகவோ மின்னஞ்சலிலோ தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தைப் பழைய கணினியில் இருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம், அதனால்தான் விலை கூட. அசெம்பிள் செய்யும் டெஸ்க்டொப்களின் மதர்போர்டில் கீ எதுவும் வராது. அவற்றுக்கு ஓஈஎம் வாங்கினால் சான்றிதழ் ஸ்டிக்கர் ஒன்று தருவார்கள். அதன் காகிதத்துக்குள் ஓர் உலோக இழை நெய்யப்பட்டு, ஒரு துளை வழியே தெரியும். மேலே அச்சடித்ததாக இருந்தால் சந்தேகப்படவேண்டும்.

வாட்ஸ்அப்பில் 2,500 ரூபாவுக்கு ஆயுட்கால கீ விற்கும் ஆட்களும் உண்டு. நண்பர் ஒருவர் வாங்கினார். எட்டு மாதம் ஓடியது. அப்புறம் அந்த கீ தடுக்கப்பட்டுவிட்டது, விற்றவரின் இலக்கமும் இல்லை. எங்கோ ஒரு நிறுவனத்துக்கு, இத்தனை கணினி மட்டும் என்று கொடுத்த கீயை ஊர் முழுக்க விற்றால் அப்படித்தான் முடியும்.

விலையைப் பற்றிப் பேசாமல் இதை எழுதுவது நேர்மையாக இராது. விண்டோஸ் 11 ஹோமின் அமெரிக்க விலை 139 டொலர், ப்ரோ 199 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 41,700 ரூபா, 59,700 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய நாட்டில் இது என்ன காசு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மென்பொருள் கம்பனிகளின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2011ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், இலங்கைக் கணினிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளில் 84 சதவீதம் உரிமம் இல்லாதது. கம்பனிகள் போட்ட கணக்கு, கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பார்கள் என்று கழித்துப் பார்த்தாலும் எனக்கு நம்பமுடியாததாகத் தெரியவில்லை. நூறு ரூபாவுக்கு விண்டோஸ் சீடி வாங்கி, உறையில் மார்க்கரால் எழுதிய கீயைப் பார்த்துப் பார்த்து அடித்த தலைமுறை நான். கணினி நிரலையும் ஒரு படைப்பாகக் கருதிப் பாதுகாக்கும் புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம், அப்போதே நடைமுறையில் இருந்தது. அதைப் பற்றிய ஆவணம் ஒன்றை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். எதில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கேட்டாள். ஹொஸ்டலுக்குப் போகிற அன்று காலையில், சாமானை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது. "மாமா, உங்கட டெஸ்க்டொப்பில அந்தக் கட்டளையை அடிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவள் போன பிறகு அடித்தேன். 2017இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டொப், விண்டோஸ் 10. சின்னப் பெட்டி வந்தது, ஒரு திகதி இருந்தது. டிஃபென்டரின் பட்டியலைத் திறந்தேன், ஒரு ஃபோல்டர் இருந்தது. எட்டு வருடமாக என் வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்கள், சத்தியக் கடதாசிகள், ஒருவரின் விவாகரத்து வழக்குக்கான பத்திரங்கள் எல்லாம் இந்தத் திறந்த கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. அந்தக் கணினியை விற்ற கடையை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் நான், ஒரிஜினல்தானே என்று கேட்டுத்தான் இருப்பேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. என் டெஸ்க்டொப்பில் இருந்த ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ரொசெசர் விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இல்லை. கிழட்டு இயந்திரத்துக்கு 41,700 ரூபாவுக்கு உரிமம் வாங்குவதில் அர்த்தம் இல்லை. லினக்ஸ் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடத்து பாமினி கோப்புகளும், விண்டோஸில் மட்டும் ஓடும் என் மொழிபெயர்ப்பு மென்பொருளும் அங்கே வர மறுத்துவிட்டன. கடைசியில் புதிய டெஸ்க்டொப் ஒன்று அசெம்பிள் செய்ய விலைப்பட்டியல் கேட்டேன். வேறு கடை இல்லை, அதே பெடியனிடம்தான். அவனுக்கு இப்போது என்னைத் தெரியும்.

பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. ப்ரொசெசர், மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேசிங், கடைசி வரியில் விண்டோஸ் 11 ஹோம், ரீடெய்ல். கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அண்ணை, அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் நாப்பதாயிரத்துக்கு மேல குறையும். எடுக்கவோ?"

"வேண்டாம் தம்பி, இருக்கட்டும். ரெண்டு தவணையாத் தரலாமோ எண்டு முதலாளியிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."